விருப்பத் தொடரும் பார்த்த இடமும்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியின் தொலைக்காட்சிப் பார்வை வரலாறு (1975–2024)

தொலைக்காட்சி குறித்துத் தமிழில் வெளிவந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் ஒளிபரப்பான கதையையே ஆய்வுப்பொருளாகக் கொள்கின்றன. பெண் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறாள், குடும்பம் எவ்வாறு கட்டமைக்கப்படுகிறது, மொழி எவ்வாறு கையாளப்படுகிறது என்பன அவற்றின் வழக்கமான வினாக்கள். பார்த்தவர் யார், எங்கிருந்து பார்த்தார், யார் வீட்டுப் பெட்டியில் பார்த்தார் என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு விடைதரும் சான்று ஒன்று அன்றாடப் பேச்சிலேயே உள்ளது. இப்போது என்ன தொடர் பார்க்கிறீர்கள், எல்லாக் காலத்திலும் உங்களுக்குப் பிடித்த தொடர் எது என்னும் இரு கேள்விகளும் அவற்றை ஒட்டி எழும் வாதங்களுமே அச்சான்று. புறநகர் மின்தொடர் வண்டியிலும் தொழிற்சாலை உணவுக்கூடத்திலும் இவ்வாதங்கள் சலிப்பின்றி நடைபெறுகின்றன. இவற்றைப் பொழுதுபோக்குப் பேச்சென ஒதுக்குவது வரலாற்றாய்வுக்கு இழப்பாகும். ஒருவர் கூறும் விருப்பப் பட்டியல், தொடர்களின் தரத்தைக் காட்டிலும் அவற்றை அவர் பார்த்த சூழலையே மிகுதியாகப் பதிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியைக் களமாகக் கொண்டு இக்கருத்து இங்கு விளக்கப்படுகிறது.

களத்தின் இயல்பு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் ஒரே திசையில் அமைந்தவையாயினும் ஒரே தன்மையுடையவை அல்ல. அம்பத்தூர் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையைப் பெற்றது. 1960களில் அங்கு உருவான தொழிற்பேட்டை பல மாவட்டத்துத் தொழிலாளரையும் அங்குக் கொணர்ந்தது. ஆவடி 1955ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாட்டால் நாடறிந்த ஊராயிற்று. பின்னர் அங்கு நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. படைத்துறை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய சேமக் காவற்படை வளாகம் ஆகியவற்றால் பல மொழியினர் அடுத்தடுத்து வாழும் குடியிருப்புகள் அவ்வூரில் தோன்றின. பூந்தமல்லியோ இருப்புப்பாதை இன்றிப் பெங்களூர் நெடுஞ்சாலையை நம்பி வளர்ந்த பழைய ஊர். இம்மூன்று ஊர்களுக்கும் இடையில் வயலும் ஏரியும் கோயில் திருவிழாவும் கொண்ட தொண்டைமண்டலச் சிற்றூர்கள் நெடுங்காலம் நிலைத்திருந்தன. தொலைக்காட்சி இப்பகுதிக்குள் நுழைந்தபோது ஆலைத் தொழிலாளர், மத்திய அரசு ஊழியர், உழவர் என்னும் மூவகைப் பார்வையாளர் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதனை எதிர்கொண்டனர்.

அடுத்த வீட்டுப் பெட்டி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் செயற்கைக்கோள் வழிக் கல்வி ஒளிபரப்புச் சோதனை ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களில் நடைபெற்றது. தமிழ்நாடு அவற்றுள் இடம்பெறவில்லை. எனவே இங்குத் தொலைக்காட்சி ஊர்ப் பொதுப் பெட்டியாக அன்றித் தனியார் வீட்டுப் பெட்டியாகவே முதலில் அறிமுகமாயிற்று. டயனோரா, சாலிடேர் என்னும் சென்னைப் பெட்டிகள் சில வீடுகளின் கூடத்தில் மரக்கதவுகளுக்குப் பின்னே இருந்தன. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, செவ்வாய்க்கிழமை நாடகம், ஞாயிறு மாலைத் திரைப்படம் ஆகியவற்றைக் காணத் தெருவே அவ்வீடுகளில் கூடியது.

இக்கூட்டத்துக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. உறவினர் கூடத்தில் அமர்ந்தனர். தெரிந்தவர் தாழ்வாரத்தில் அமர்ந்தனர். பிறர் சன்னல் கம்பியைப் பற்றி நின்றனர். சாதியும் வாடகைக் குடித்தனத்தின் தாழ்வும் இவ்வரிசையைத் தீர்மானித்தன. சன்னலுக்கு வெளியே நின்று ‘ஒளியும் ஒலியும்’ பார்த்தவரும் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து பார்த்தவரும் இன்று ஒரே நிகழ்ச்சியையே தம் விருப்பமாகக் கூறக்கூடும். பெயர் ஒன்றாயினும் அனுபவம் ஒன்றன்று. விருப்பப் பட்டியலைத் திரட்டும் ஆய்வாளர் நிகழ்ச்சியின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு அகல்வாராயின், அப்பட்டியலின் மிக முக்கியமான செய்தி அவர் கையை விட்டு நழுவும்.

பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் பெறவேண்டிய முறை 1980களின் நடுப்பகுதி வரை நடைமுறையில் இருந்தது. அவ்வுரிமப் பதிவேடுகள் எங்கேனும் எஞ்சியிருப்பின், எந்தத் தெருவில் எந்த ஆண்டில் பெட்டி வந்தது என்பதை ஊர்வாரியாக வரைந்துவிடலாம்.

பாரதக் கூத்தும் ‘மகாபாரத’மும்

தூர்தர்சனின் ‘ராமாயண்’ 1987 சனவரி முதல் 1988 சூலை வரையிலும், ‘மகாபாரத்’ 1988 அக்டோபர் முதல் 1990 சூன் வரையிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பாயின. இரண்டும் இந்தித் தொடர்கள். 1965ஆம் ஆண்டு மொழிப்போராட்டத்தின் நினைவு மங்காத ஒரு மாநிலத்தில், இந்தி அறியாத பார்வையாளர் இவற்றை ஆர்வத்துடன் பார்த்தனர். இன்றும் ஐம்பது வயதைக் கடந்தோரின் விருப்பப் பட்டியல்களில் இவை, குறிப்பாக ‘மகாபாரத்’, இடம்பெறுகின்றன. இதற்குப் பக்தியைக் காரணமாகக் கூறுவது வழக்கம். அது போதிய விளக்கமாகத் தோன்றவில்லை.

தொண்டைமண்டலம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் முதன்மை நிலங்களுள் ஒன்று. வில்லிபாரதத்தை அடிப்படையாகக் கொண்ட பாரதப் பிரசங்கம் பகலில் நிகழ, இரவில் அதே கதைப்பகுதி தெருக்கூத்தாக ஆடப்பட்டு, இறுதியில் படுகளமும் தீமிதியும் நடைபெறுவது இவ்வழிபாட்டின் மரபு. நாள்தோறும் ஒரு பகுதி, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உச்சம், மறுநாளைக்கு ஒரு எதிர்பார்ப்பு என அமைந்த இத்தொடர்கதை வடிவம் இம்மண்ணுக்குப் புதியதன்று. சூதாட்டக் காட்சியில் யார் என்ன பேசுவர் என்பது மொழி புரியாமலேயே பார்வையாளருக்குத் தெரிந்திருந்தது. மேலும், தாம் அறிந்த கூத்தோடு ஒப்பிட்டு இது சரி, இது பிழை என மதிப்பிடவும் அவர்களால் இயன்றது. தொடர் பார்ப்போர் அதன் போக்கைக் குறித்து நடத்தும் இன்றைய விவாதங்களின் வேரைத் திருவிழாவில் விடியும்வரை விழித்திருந்து கூத்துப் பார்த்தோரின் திறனாய்வில் தேடுவது பொருத்தமானது. தமிழ்த் தொலைக்காட்சி ஆய்வுகள் நிகழ்த்துகலை ஆய்வுகளிலிருந்து விலகி நிற்பது இவ்வகையில் வியப்புக்குரியது.

ஆவடியின் மத்திய அரசுக் குடியிருப்புகளில் நிலைமை வேறு. அங்கு இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட வீடும் தமிழ் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்தன. 1984–85இல் ஒளிபரப்பான ‘ஹம் லோக்’ போன்ற தொடர்கள், சென்னையின் பிற பகுதிகளைவிட இக்குடியிருப்புகளின் நினைவில் மிகுதியாகப் பதிந்திருக்க வாய்ப்புண்டு. மேற்குப் புறநகரின் விருப்பப் பட்டியல் ஒன்றே என்று கொள்ள இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

நெடுந்தொடரும் இலவசப் பெட்டியும்

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. கம்பிவடச் சேவை தெருத்தெருவாகப் பரவியது. 1999இல் தொடங்கிய ‘சித்தி’, அதனை அடுத்து ‘மெட்டி ஒலி’, 2003 முதல் 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பான ‘கோலங்கள்’ ஆகியவை இரவு நேரத்தை நெடுந்தொடருக்குரியதாக ஆக்கின. (‘கோலங்கள்’ தொடரில் இயக்குநர் திருச்செல்வமே ஏற்று நடித்த பாத்திரத்தின் பெயர் தொல்காப்பியன் என்பதைத் தமிழாய்வாளர் மறந்திருக்கமாட்டார்.) 2003 செப்டம்பரில் கட்டுப்பாட்டு அணுகல் முறை நாட்டிலேயே சென்னையில் மட்டும் நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான தமிழ் அலைவரிசைகள் கட்டணமற்ற தொகுப்பில் இருந்தன. கூடுதல் கருவி வாங்க விரும்பாத வீடுகளுக்கு அவையே போதுமானவையாயின. ஒரு தலைமுறையின் ரசனை என்று நாம் கொள்வதில் கட்டண விதி ஒன்றின் பங்கும் உண்டு.

எனினும் பார்வை வரலாற்றின் பெருந்திருப்பம் அலைவரிசைகளால் அன்றிப் பெட்டிகளால் நேர்ந்தது எனலாம். 2001ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டு வீடுகளுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் தொலைக்காட்சி இருந்தது. 2011இல் அது ஏறத்தாழ 87 விழுக்காடாக உயர்ந்தது. அதே காலத்தில் அனைத்திந்திய அளவு 31.6இலிருந்து 47.2 விழுக்காடாகவே உயர்ந்தது. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டு, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கிய மாநில அரசின் திட்டத்தை விடுத்து இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. இத்திட்டம் தேர்தல் அறமாகுமா என்ற வினா உச்ச நீதிமன்றம் வரை சென்று 2013 சூலையில் தீர்ப்பைக் கண்டது. அவ்வழக்கையொட்டிய விவாதங்கள் முழுவதிலும் பெட்டி ஒரு பொருளாகவே, அதன் விலையாகவே பேசப்பட்டது. அது வந்த பிறகு ஒரு வீட்டில் என்ன மாறியது என்பது பேசப்படவில்லை.

மாறியவற்றுள் ஒன்று, சன்னலுக்கு வெளியே நிற்கும் நிலை மறைந்ததாகும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஆயத்த ஆடை நிறுவனங்களில் வேலை செய்து மாலையில் வீடு திரும்பும் ஒரு பெண், பிறர் வீட்டின் இசைவை எதிர்பாராமல், சமைத்துக்கொண்டே தன் வீட்டில் ஒரு தொடரைப் பார்க்கும் நிலை இப்போதுதான் பரவலாயிற்று. அவ்வாறு 2007இல் முதற்பெட்டியைப் பெற்ற வீட்டில் ‘எல்லாக் காலத்திலும்’ என்ற சொல்லின் பொருள் 2007இல் தொடங்குகிறது. அவ்வீட்டின் பட்டியலில் ‘கோலங்கள்’ மிகப் பழைய தொடராக நிற்கும். 1980களில் பெட்டி வாங்கிய வீட்டில் அதே தொடர் பிற்காலத்தது. இவ்விரு பட்டியல்களையும் ஒன்றாகக் கூட்டி வாக்கெண்ணிக்கை நடத்துவது, இருவேறு காலக்கணக்குகளைக் கலப்பதாகும். ஊடகங்கள் அவ்வப்போது வெளியிடும் ‘சிறந்த பத்து’ வரிசைகளின் அடிப்படைக் குறை இதுவே.

மறுஒளிபரப்பு என்னும் தொகுப்பு

பாடல்களைத் தேர்ந்து தொகுத்தோரும் ஏட்டைப் படியெடுத்தோரும் இன்றேல் சங்கப் பாடல்களுள் எவை நமக்குக் கிட்டியிருக்கும் என்ற வினா இலக்கிய மாணவருக்குப் பழகியது. தொலைக்காட்சியிலும் எஞ்சியதே சிறந்ததாக நினைக்கப்படுகிறது. நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திய பிபிசி, ‘டாக்டர் ஹூ’ தொடரின் தொடக்ககாலப் பகுதிகளுள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை இழந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு ஆலைகளும் படப்பிடிப்புகளும் நின்றபோது, தூர்தர்சன் ‘ராமாயண்’ தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. தமிழ் அலைவரிசைகளும் பழைய தொடர்களை மீட்டெடுத்தன. 1987இல் பிறந்திராத இளைஞர் சிலரது பட்டியலில் அத்தொடர் இடம்பெற இது வழிவகுத்தது. செவ்வாய்க்கிழமை நாடகங்களுக்கு இத்தகைய மறுவாழ்வு கிட்டவில்லை. அவை பட்டியல்களில் தனித்தலைப்பு இன்றி, ‘அந்தக் காலத்துச் செவ்வாய்க்கிழமை நாடகம்’ என்ற பொதுப்பெயராலேயே சுட்டப்படுகின்றன. ஓர் இலக்கிய வகைமையின் பெயர் மட்டும் எஞ்சி நூல்கள் மறைந்த நிலைக்கு இதனை ஒப்பிடலாம்.

பார்க்கும் ஊர், படைக்கும் ஊர்

அண்மைக்காலத் தொடர்கள் குறித்த பேச்சு வேறொரு தன்மையுடையது. 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, அப்பாத்திரத்தின் பேச்சுமொழி ஏற்கெனவே அன்றாட உரையாடலில் கலந்திருந்தது. அதே 2022இல் வெளியான ‘சுழல்’ போன்ற இணையத் தொடர்களை ஒரே இரவில் பார்த்து முடித்தவரும் உளர். இவற்றுள் எதனையும் எக்காலத்துக்குமான விருப்பம் எனக் கூறப் பலர் தயங்குகின்றனர். தமிழில் ‘பிடித்தது’ என்பதும் ‘மறக்க முடியாதது’ என்பதும் வெவ்வேறு. முன்னது தொடரைச் சார்ந்தது. பின்னது காத்திருத்தலைச் சார்ந்தது. கைப்பேசியில் தனித்துப் பார்க்கப்படும் தொடருக்கு இரண்டாம் தகுதி கிட்டுமா என்பதை இப்போதே முடிவுகட்டுவது அவசரமாகும்.

இக்காலத்தில்தான் மேற்குப் புறநகர், பார்க்கும் ஊர் என்ற நிலையிலிருந்து படைக்கும் ஊராகவும் மாறியது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில், கேளிக்கைப் பூங்காவாகத் தொடங்கிப் பின்னர்ப் படப்பிடிப்புத் தளமான ஈ.வி.பி. வளாகத்தில், 2017 சூன் 25 முதல் ‘பிக் பாஸ்’ தமிழ் நிகழ்ச்சிக்கான வீடு அமைக்கப்பட்டது. 1999இல் நெதர்லாந்தில் உருவான ஒரு வடிவம், ஏரிக்கரை ஊர் ஒன்றில் வந்து சேர்ந்தது. அவ்வீடு எந்த ஊரிலும் இல்லாதது போலக் காட்டப்படுவது அந்நிகழ்ச்சியின் விதி. நாடே உற்றுநோக்கும் அவ்வீட்டின் சுவருக்கு வெளியே செம்பரம்பாக்கம் இருப்பது திரையில் தெரிவதில்லை.

ஊர் திரையில் தெரிந்த தருணங்கள் துயரமும் சட்டமும் குறுக்கிட்டவையே. 2020 பிப்ரவரி 19 அன்று அவ்வளாகத்தில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பின்போது பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர். 2021 மே மாதத்தில், ஊரடங்கு விதியை மீறியதாக அங்கு நடைபெற்ற மலையாள ‘பிக் பாஸ்’ தளத்தை வருவாய்த் துறையினர் முத்திரையிட்டு மூடினர். அரங்கம் அமைக்கும் தச்சர், விளக்கு தூக்குவோர், உணவு வழங்குவோர், காவலர் எனப் பலருடைய உழைப்பில் இத்தளங்கள் இயங்குகின்றன. எந்தத் தொடர் சிறந்தது என்ற நம் விவாதங்களில் நடிகரும் இயக்குநரும் இடம்பெறுகின்றனர், இவர்கள் இடம்பெறுவதில்லை. இப்பகுதியில் வாய்மொழி வரலாறு திரட்ட முனைவோர் இவர்களிடமும் அதே வினாவைக் கேட்கவேண்டும். எத்தொடரில் வேலை செய்தீர்கள், அதனை யார் வீட்டில், எந்நேரத்தில், யாருடன் பார்த்தீர்கள், அல்லது பார்க்க நேரமே கிட்டவில்லையா என்பவற்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.