கூத்தனின் மரக்கவசம்: கட்டை வேடத்தின் ஆக்கமும் அணிதலும்

தெருக்கூத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதன் கதைப் பரப்பையும் பாட்டையும் திரௌபதி வழிபாட்டோடு அதற்குள்ள உறவையும் விரித்துரைப்பன. ரிச்சர்ட் பிராஸ்கா 1990இல் வெளியிட்ட நூலும், ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரு தொகுதிகளும் இவ்வகையில் அடிப்படையானவை. ஆயின், இரவு முழுவதும் ஆடிப் பாடும் ஒருவன் தன் உடலின் மேல் சுமந்து நிற்கும் மரத்தைப் பற்றி, அது எவ்வாறு செதுக்கப்படுகிறது, எவ்வாறு உடலோடு இறுக்கப்படுகிறது என்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவே. அக்குறையின் ஒரு மூலையையேனும் நிரப்ப இக்கட்டுரையின்வழி முற்படுகிறோம்.

வடதமிழகத்துக் கூத்தில் அரசர்களும் வீரர்களும் அணியும் மர அணிகலன்களைக் 'கட்டை' என்பர். தலையில் கிரீடம் அல்லது சிகரெக்கு, காதுகளை ஒட்டி நிற்கும் கட்டைகள், தோள்களில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம் ஆகியன இத்தொகுதியில் அடங்கும். இவற்றைத் தரிப்போர் 'கட்டை வேடக்காரர்'. கட்டியங்காரனுக்கும் பெண் வேடங்களுக்கும் இவை இல்லை. இவ்வணிகளின் பெயராலேயே இக்கலையைக் 'கட்டைக்கூத்து' என்று வழங்குதல் வேண்டும் எனக் காஞ்சிபுரம் வட்டாரக் கலைஞர் பெ. இராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னா டி புருயினும் வற்புறுத்தி வந்துள்ளனர். 1990இல் தோன்றிய கலைஞர் சங்கமும் 'கட்டைக்கூத்துச் சங்கம்' என்றே பெயர் பூண்டது. தெரு என்னும் சொல்லில் ஒட்டிக்கொண்ட இழிவை நீக்குவது அதன் ஒரு நோக்கம். அந்நோக்கத்தில் நியாயம் உண்டெனினும், புரிசை போன்ற பரம்பரைகள் தெருக்கூத்து என்னும் பெயரையே பெருமையோடு தாங்கி வருவதையும் நாம் மறத்தல் கூடாது.

கட்டைக்குரிய மரம் கலியாண முருங்கை. முள்முருங்கை என்றும் இதனைக் கூறுவர். வேலியோரங்களிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் வளர்வது; தச்சன் கதவுக்கோ தூணுக்கோ இதனை நாடுவதில்லை. வலுவற்றது, விரைவில் பூச்சி அரிப்பது. ஆனால் காய்ந்தபின் மிகவும் இலேசானது. சிற்றுளிக்கு எளிதில் இணங்குவது. வலுவின்மையே இங்கு இதன் தகுதியாயிற்று. போர்க்களக் கவசம் வாளைத் தடுக்க வேண்டும். கூத்துக் கவசம் விடியும்வரை தோளில் கனக்காதிருந்தாற் போதும். செதுக்கிய மரத்தின்மேல் வண்ணம் தீட்டி, காக்காய்ப்பொன்னும் வண்ணத்தாளும் ஒட்டி, சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதிப்பர். இக்கண்ணாடிகள் வெறும் மினுக்கு அல்ல. தீவட்டி வெளிச்சத்தில் கூத்து நிகழ்ந்த காலத்தில், அசையும் சுடரை வாங்கி அசையும் உடலிலிருந்து திருப்பி எறிந்தவை அவையே. பெட்ரோமாக்ஸ் விளக்குவரை அந்தப் பொருத்தம் ஓரளவு நிலைத்தது. குழல்விளக்கின் கீழே கண்ணாடி வெறும் கண்ணாடியாகவே தெரிகிறது என்பது எமது எண்ணம்.

கட்டையை உடலோடு பொருத்துவதில்தான் இக்கலையின் நுட்பம் வெளிப்படுகிறது. நாடகக் கம்பெனிகளில் வேடம் 'போடுவது' வழக்கம். கூத்தில் வேடம் 'கட்டுவது' வழக்கம். இச்சொல் வேறுபாடு தற்செயலானதன்று. முதலில் தலையில் துணி இறுகச் சுற்றப்படுகிறது. அது வியர்வையை உறிஞ்சுவதோடு மரத்துக்கும் மண்டைக்கும் இடையே மெத்தையாகவும் நிற்கிறது. இடுப்பைத் துணிச் சுற்றுகளால் பருக்கச் செய்து, மேலே விரிந்த பாவாடை கட்டப்படும். பின்னரே மார்புப் பதக்கமும் புஜகீர்த்தியும் கயிறுகளால் பிணைக்கப்படும். ஆட்டத்தில் கிறுகிகள் உண்டு. சுழலும்போது ஒரு கட்டு நெகிழ்ந்தாலும் தோளணி முகத்தில் இடிக்கும். ஆகவே இறுக்கம் வேண்டும். ஆனால் கூத்தன் ஆடுபவன் மட்டுமல்லன், தானே பாடுபவன். விலா விரியாவிடில் மூச்சு இல்லை, மூச்சு இல்லையேல் பாட்டு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே கயிற்றின் அளவைக் கணிப்பது கைப்பழக்கத்தால் வருவதேயன்றி ஏட்டால் வருவதன்று.

தலையணியிலும் இதே நியாயத்தைக் காணலாம். வங்காளத்துப் புருலியா சௌ ஆட்டத்தில் முகமூடி முகத்தை முழுதும் மறைக்கிறது. அவ்வாட்டக்காரர் பாடுவதுமில்லை, பேசுவதுமில்லை. கதகளியில் முகம் திறந்திருப்பினும் பாட்டு பின்பாட்டுக்காரருடையது. கூத்தின் கிரீடமோ நெற்றிக்கு மேலேயே தன் ஆரவாரம் அனைத்தையும் நிறுத்திக்கொள்கிறது. வாயையும் மூக்கையும் அது தீண்டுவதில்லை. காற்று புகும் வழி தனியே துளைக்கப்பட வேண்டிய தேவையே எழாதவாறு வடிவம் அமைந்துவிட்டது எனலாம்.

இவ்வணிகளின் காலம் எது? தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜேசுவர நாடகம் நடிக்க ஆண்டுதோறும் 120 கலம் நெல் வழங்கியதை 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. நெல்லை அளந்து சொன்ன கல்வெட்டு, கூத்தன் தலையில் எதைத் தரித்தான் என்று சொல்லவில்லை. கன்னட யட்சகானத்திலும் புஜகீர்த்தி என்னும் பெயரில் இலேசான மரத்தாலான தோளணி உண்டு. மொழி எல்லை கடந்த இவ்வொற்றுமையை நோக்க, விசயநகர நாயக்கர் கால அரசவைத் தோற்றமே இவற்றுக்கு முன்மாதிரி என்று கருத இடமுண்டு. இது எமது ஊகமே. சங்க இலக்கியத்து 'மெய்ம்மறை'யோடு இதனை நேரே இணைத்துப் பழமை கொண்டாடுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

மேலும், கட்டை கவசந்தானா என்பதே கேள்விக்குரியது. கர்ண மோட்சம் கூத்தை நோக்குவோம். கவச குண்டலங்களை இந்திரனுக்கு முன்பே அறுத்துக் கொடுத்துவிட்ட கர்ணன் அல்லவா பதினேழாம் நாள் போருக்குப் புறப்படுகிறான்? எனினும் அவன் மார்பில் பதக்கமும் தோளில் புஜகீர்த்தியும் குறைவின்றி இலங்குகின்றன. கதை கவசத்தைப் பறித்தாலும் கூத்து கட்டையைப் பறிப்பதில்லை. ஆகவே கட்டை உடலைக் காக்கும் பொருளன்று. உழவனும் கூலியாளுமாகிய ஒருவனின் உடலை அரசனின் அளவுக்குப் பெருக்கிக் காட்டும் பொருள். கைத்திரைக்குப் பின்னிருந்து அவ்வுருவம் சிறிது சிறிதாக வெளிப்படும்போது ஊரார் காண்பது தம்மூர்க்காரனை அல்லர்.

ஈழத்து மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பும் இவ்வாறு உடலைப் பெருக்குவதே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தமை பெரும்பணி எனினும், விடியும்வரை அணிய வேண்டிய உடைக்கும் ஓரிரு மணி நேரம் அணியும் உடைக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய மாற்றங்களில் கவனிக்கத்தக்கது. சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழாவிலும் பாரதக் கதையும் அரவான் தலையும் வாழ்கின்றன.

கட்டைகளை அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கலாம். எந்தக் கயிறு எதற்கு முன் கட்டப்பட வேண்டும் என்பதைப் பேழையில் வைத்தல் இயலாது. அதனைச் சிறுவர் சிறுமியர்க்குப் பள்ளிக் கல்வியோடு சேர்த்துக் கற்பித்த கட்டைக்கூத்துக் குருகுலம் 2002இல் தொடங்கி 2020இல் மூடப்பட்டது. பெண்கள் கட்டை வேடம் கட்டியதும் அங்கேதான் வேரூன்றியது. ஆணின் மார்பளவுக்கும் தோளகலத்துக்கும் செதுக்கப்பட்டு வந்த மரம், அவர்களுக்காக எவ்வாறு திருத்திச் செதுக்கப்பட்டது, கயிறுகள் எங்கே இடம் மாறின என்பவற்றை அங்குப் பயின்றவர்களிடமே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.