தாமரைக் குளத்தில் இறங்காத விண்கலம்

விடுதியில் வெள்ளி இரவு படம் போடுவதென்றால் ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்பீக்கர், கட்டிலில் நெருக்கியடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர். “ஸ்பேஸ் படம் ஏதாவது போடுங்கோ” என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் ‘இன்ரஸ்டெல்லர்’ (2014) தான். நானும் நாலு தரம் பார்த்துவிட்டேன். 23 வருடத்து வீடியோச் செய்திகளைக் கூப்பர் ஒரே இருப்பில் பார்த்து அழுகிற இடத்தில் நாலு தரமும் அழுதிருக்கிறேன். ஆனாலும் அந்தப் படத்தோடு எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அது என்னை நம்புவதில்லை. கூப்பர் பயிற்சி பெற்ற விமானி. கலம் புழுத்துளைக்குக் கிட்டப் போன பிறகு, கூட வந்தவர் ஒரு கடதாசியை மடித்துப் பேனையால் குத்தி, புழுத்துளை என்றால் என்னவென்று அவருக்குப் பாடம் எடுக்கிறார். பாடம் கூப்பருக்கில்லை, எங்களுக்கு.

இந்தக் கோபம்தான் என்னை 1968க்குக் கொண்டுபோனது.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யை முதல்முறை பார்க்கும்போது நான் நித்திரையாகிவிட்டேன், உண்மையைச் சொல்ல வேணும். முதல் வசனம் வரவே ஏறத்தாழ 25 நிமிடம் ஆகிறது. இரண்டாம் தரம் லைற்றை அணைத்துவிட்டுத் தனியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு மற்ற விண்வெளிப் படங்களெல்லாம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகக் கதைக்கிற மாதிரியே தெரிகின்றன.

அந்தப் படம் வெளிவந்தது 1968 ஏப்ரலில். நிலவில் மனிதன் கால்வைக்க இன்னும் பதினைந்து மாதம் இருந்தது. கொம்பியூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். விண்கலத்துக்குள் ஒருவர் வட்டமாக ஓடி உடற்பயிற்சி செய்யும் காட்சிக்காக, 38 அடி விட்டத்தில் ஒரு இராட்சதச் சில்லையே கட்டிவிட்டார்கள். செலவு 750,000 டொலர். சில்லுச் சுழலும், நடிகர் அதன் அடியிலேயே ஓடிக்கொண்டிருப்பார். கமராவைச் சில்லோடு சேர்த்துப் பூட்டிவிட்டால், அவர் சுவரில் ஏறி ஓடுவது போலத் தெரியும். இப்போது பார்த்தாலும் என் மூளை அதை நம்புகிறது.

ஆனால் குப்ரிக்கின் துணிவு சில்லைக் கட்டியதில் இல்லை, எறிந்ததில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். படத்தின் தொடக்கத்தில் வைக்க உண்மையான விஞ்ஞானிகளின் பேட்டிகளை எடுத்திருந்தார், அவற்றை நீக்கினார். கதையை விளக்கும் பின்னணிக் குரல் இருந்தது, நீக்கினார். அலெக்ஸ் நோர்த் என்ற பெரிய இசையமைப்பாளர் எழுதிக்கொடுத்த இசையையும் நீக்கினார். பாவம், அந்த மனுசனுக்குத் தன் இசை இல்லையென்பது படத்தைப் போய்ப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. முதற்காட்சிக்குப் பிறகு படத்திலும் 19 நிமிடம் வெட்டினார். கறுப்புப் பாளம் என்ன, கடைசியில் வரும் அந்த அறை என்ன, குழந்தை என்ன, படம் ஒன்றையும் சொல்லாது.

விளக்கம் வேண்டுமென்றால் நாவலுக்குப் போகலாம். அதை எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1964 மார்ச்சில் குப்ரிக் அவருக்குக் கடிதம் எழுதியபோது அவர் இருந்தது இலங்கையில். 1956இலிருந்து 2008இல் இறக்கும் வரை இங்கேதான் வாழ்ந்தார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். எங்களில் பலருக்கு அவரைப் பொது அறிவுக் கேள்விக்கான ஒரு விடையாக மட்டுமே தெரியும். அவர் இங்கே வந்தது கடலுக்காக. மைக் வில்சன் என்ற நண்பரோடு திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே மூழ்கி, கடலடியில் கிடந்த கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தவர்களில் இவரும் ஒருவர். மைக் வில்சன் 1962இல் ‘ரன் முத்து தூவ’ என்ற முதலாவது வர்ணச் சிங்களப் படத்தையும் இயக்கினார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கள், திரும்ப வரும்.

அதற்கு முன் இன்னொரு படம். ரஷ்ய இயக்குநர் அந்திரேய் தார்கோவ்ஸ்கிக்கு ‘2001’ பிடிக்கவில்லை. அவருக்கு அது உயிரில்லாமல் குளிர்ந்து கிடந்தது. 1972இல் ‘சொலாரிஸ்’ எடுத்தார். எதிர்கால நகரத்தைக் காட்ட டோக்கியோவின் நெடுஞ்சாலைகளை நிமிடக்கணக்காக ஓடவிட்டார். அந்த இடத்தில் நான் பொறுமை இழந்தேன், மறைக்கவில்லை. மூல நாவலை எழுதிய ஸ்டானிஸ்லாவ் லெம்முக்கும் படம் பிடிக்கவில்லை. ஆனால் செத்துப்போன மனைவி விண்நிலையத்தில் திரும்ப வந்து நிற்கிறபோது, குப்ரிக்கின் கோடிக்கணக்கான டொலரால் தொட முடியாத ஒரு இடத்தை அந்தப் படம் தொடுகிறது.

சரி. இந்த மூன்று படத்திலும் வானத்தைச் சந்திக்கப் போவது யார்? விமானி, விஞ்ஞானி, உளவியலாளர். எல்லாருக்கும் பின்னால் ஒரு நிறுவனம், ஒரு அரசு. வானம் எங்களைப் போன்ற ஆட்களிடம் வந்தால்?

இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டிருந்தார். சத்யஜித் ரே. 1962இல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழில் வேற்றுக்கிரகவாசி பற்றி ஒரு வங்காளச் சிறுகதை எழுதினார். பிறகு, ‘2001’ படப்பிடிப்பு நடந்த காலத்தில், லண்டனில் கிளார்க்கைச் சந்தித்துத் தன் பட யோசனையைச் சொன்னார். கிளார்க் இங்கே வந்து மைக் வில்சனிடம் சொல்ல, 1967இல் வில்சன் கல்கத்தாவுக்கே போய்விட்டார். ‘த ஏலியன்’ திரைக்கதை எழுதப்பட்டது.

கதை இதுதான். வங்காளக் கிராமம் ஒன்றின் தாமரைக் குளத்தில் ஒரு விண்கலம் விழுகிறது. அதன் மேற்பகுதி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிகிறது. ஊர்ச்சனம் அதைக் குளத்துக்குள்ளிருந்து எழுந்த கோயில் என்று நினைக்கிறது. ஒரு மார்வாடி வியாபாரி அதை வைத்துப் பேரெடுக்கத் திட்டம் போடுகிறார். உள்ளேயிருந்து வருகிற உயிர் இரவில் கிராமத்துக்குள் நடக்கிறது. நெல் ஒரே இரவில் விளைகிறது, மாமரம் பருவம் தப்பிக் காய்க்கிறது. அதற்கு ஹாபா என்ற ஏழைப் பையனோடு கனவில் ஒரு உறவு உண்டாகிறது. கோயில் இடிபாட்டுக்கு மேலே நீந்திய இரண்டு பேரின் வழியாக, குளத்துக் கோயிலான விண்கலம் ஹொலிவூட்டுக்குப் போனதை நினைக்க எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஏதோ போலவும் இருக்கிறது.

அந்த உயிரின் தோற்றத்தை ரே, பட்டினி கிடந்த அகதிப் பிள்ளையின் உடம்பை நினைத்து எழுதியிருந்தார். பெரிய தலை, குச்சிக் கை கால். பிரிவினைக்குப் பிறகான கல்கத்தாவில் அவர் அந்தப் பிள்ளைகளைத் தெருவிலேயே பார்த்திருப்பார். வன்னியைச் சேர்ந்த என் தோழிக்கு இதைச் சொன்னேன். “2009இல காம்பில என்ர படம் ஒண்டு இருக்கு, அம்மா வைச்சிருக்கிறா. அச்சு அசல் உதுதான்” என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள்.

கொலம்பியா நிறுவனம் ஆர்வம் காட்டியது. வியாபாரியாக நடிக்க பீற்றர் செல்லர்ஸ். ரே ஹொலிவூட்டுக்குப் போனார். அங்கே கைமாறிக்கொண்டிருந்த திரைக்கதைப் பிரதிகளில் பதிப்புரிமை மைக் வில்சனுக்கும் ரேக்கும் என்று போட்டிருந்ததைக் கண்டு திகைத்ததாகப் பின்னர் எழுதியிருக்கிறார். செல்லர்ஸ் விலகினார். வில்சன் விலகினால் எடுக்கலாம் என்றது நிறுவனம். வில்சனோ கடைசியில் உலகத்தையே விட்டு விலகித் துறவியானார். சிவகல்கி சுவாமி என்ற பெயரில் பிற்காலத்தில் கதிர்காமத்தில் வாழ்ந்தார். உரிமையையும் விட்டுக்கொடுத்துக் கடிதம் எழினார், ஆனால் அதற்குள் எல்லாம் ஆறிப்போயிருந்தது.

1982இல் ‘ஈ.டி.’ வந்தபோது, கொழும்பிலிருந்து கிளார்க் ரேயைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஸ்பீல்பேர்க்குக்கு எழுதச் சொன்னார். ஸ்பீல்பேர்க் எந்தத் தொடர்பும் இல்லை என்று மறுத்தார். ரே வழக்குப் போடவில்லை. யார் யாரிடம் எடுத்தார்கள் என்று இணையத்தில் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறை குறைவு. ‘ஈ.டி.’ நல்ல படம், ஆனால் அது வசதியான அமெரிக்கக் குடியிருப்பில் இறங்கிய விண்கலம். அந்த உயிரை அங்கே யாரும் கடவுளாக நினைக்கவில்லை, அதை வைத்து யாரும் கோயில் கட்டவும் பார்க்கவில்லை.

2018இல் ரேயின் திரைக்கதையும் கடிதங்களும் ஒரு புத்தகமாக வந்தன. அவர் கையால் வரைந்த விண்கலமும் அந்த உயிரும் அதில் இருக்கின்றன. என் பிரதி இப்போது தோழியிடம். இரண்டு வெள்ளிக்கிழமையாகக் கேட்கிறேன், தருகிற மாதிரித் தெரியவில்லை.