உடன்போக்கு எங்கே போயிற்று?

நம் வட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் நடந்த கூட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. அடுத்த மாதம் எந்த நூலைப் பேசலாம் என்ற கேள்வி எழுந்தபோது, உறுப்பினர் ஒருவர் ரமணிசந்திரனின் நாவல் ஒன்றை முன்மொழிந்தார். அவை சிரித்தது. சிரித்தவர்களுள் நானும் ஒருவன். ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்ததாகாதா என்று யாரோ கேட்க, அத்துடன் அப்பேச்சு முடிந்தது. அன்று மாலை நாங்கள் பேசி முடித்திருந்த நூல் குறுந்தொகை. தலைவன் பிரிகிறான், தலைவி வாடுகிறாள், தோழி ஆற்றுவிக்கிறாள்; நானூறு பாடல்களில் இவ்வளவுதான் நிகழ்கிறது. ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்ததாகாதா என்று அந்நூலைப் பற்றி எவரும் கேட்கவில்லை. இம்முரண் எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

காதற் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சிகளை நம் முன்னோர் குறையாகக் கருதவில்லை. அவற்றுக்குத் துறை என்று பெயரிட்டு வரிசைப்படுத்தினர். இயற்கைப் புணர்ச்சியில் தொடங்கி, பாங்கற் கூட்டம், மதியுடம்படுத்தல், பகற்குறி, இரவுக்குறி, இற்செறிப்பு, வெறியாட்டு, அறத்தொடு நிற்றல், உடன்போக்கு என்று களவின் வழி நீள்கிறது. மாணிக்கவாசகர் இவற்றை 400 பாடல்களில் கோவையாக்கினார். கேட்போர் எவருக்கும் முடிவு தெரியும். தெரிந்த முடிவை நோக்கி எத்தனை மெதுவாகச் செல்லலாம் என்பதிலேதான் சுவை. அன்பின் ஐந்திணையில் எவருடைய இயற்பெயரையும் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் விதித்ததையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பெயரில்லாத தலைவியின் இடத்தில் கேட்பவள் தன்னை வைத்துக்கொள்வது எளிது.

இத்துறைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது அறத்தொடு நிற்றல். மகளின் களவைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்தும் இடம் அது. வெளிப்படுத்தும் முறைகளாக இலக்கணத்தார் மூன்றைச் சிறப்பித்தனர்: பூத்தரு புணர்ச்சி, புனல்தரு புணர்ச்சி, களிறுதரு புணர்ச்சி. தலைவிக்கு அவன் பூக் கொடுத்தான், வெள்ளத்தில் சிக்கியவளைக் காத்தான், யானையிடமிருந்து மீட்டான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளிலும் தோழி செவிலியிடம் பேசுவதாகவே அமைந்திருக்கிறது. தினைப்புனத்தில் நாய்கள் வளைத்துக்கொண்டதையும், அவன் விலக்கியதையும், பின்பு மதங்கொண்ட களிறு வந்ததையும், அவன் அம்பெய்து காத்ததையும் அவள் விரிவாகச் சொல்கிறாள். நடந்ததா, தோழி படைத்துமொழிந்ததா என்பது வேறு கேள்வி. ஆபத்தில் பிடித்த கையை இனி எப்படி விடுவிப்பது என்ற நிலை அங்கே உருவாகிறது. தானாக விரும்பினாள் என்றால் பழி. யானை வந்தது என்றால் அறம். ஆக, யானை தலைவிக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு.

காதற் கதையின் வாய்பாடுகள் அனைத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம் என்பது என் கருத்து. ஒரு காலத்து வாசகர் எந்த அனுமதியின்றித் தவித்தாரோ, அந்த அனுமதியைக் கதை ஏதோ ஒரு வேடத்தில் கொண்டுவந்து தரும். எந்த வேடம் எந்தக் காலத்தில் செல்லுபடியாயிற்று என்பதுதான் நம் நாவலின் காதல் வரலாறு.

நாவல் தமிழில் பிறந்த காலத்தைப் பார்ப்போம். நாவல் எழுதியோர் பலரும் சார்ந்திருந்த மேல்தட்டுக் குடும்பங்களில் பெண்ணுக்கு அறியாப் பருவத்திலேயே மணம் முடிந்துவிடும். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயதெல்லை வகுத்த குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல்தான் வந்தது. களவுக்கு இடமே இல்லாத சமூகத்தில் காதற் கதை எழுதுவது எப்படி? மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் நாயகனும் ஞானாம்பாளும் உறவினர். சிறு வயது முதல் உடன் பயின்றவர்கள். அன்பு வளர அவ்வளவு இடம் போதும். மணத்துக்குப் பின் இருவரையும் பிரித்து, ஞானாம்பாளுக்கு ஆண் வேடம் இட்டு, ஒரு நாட்டின் அரசாட்சியையே அவள் கையில் கொடுத்தார் ஆசிரியர். கதையில் என் மனத்தில் நிற்பது அந்த ஆண் வேடந்தான். வீட்டு வாசலைத் தாண்டாத பெண்ணுக்கு அது எத்தகைய விருந்தாக இருந்திருக்கும்!

ராஜம் ஐயர் 1896இல் நூலாக்கிய 'கமலாம்பாள் சரித்திர'மும், மாதவையா 1898இல் தந்த 'பத்மாவதி சரித்திர'மும் வேறு வழி கண்டன. தாலி ஏறிய பின்னரே அங்கே காதல் தொடங்குகிறது. கமலாம்பாளின் மகளும் மருமகன் ஸ்ரீநிவாசனும் சிறுவயதில் மணந்தவர்கள். ஒருவரையொருவர் அறிவதும் விரும்புவதும் பின்னர்தான். பத்மாவதியின் துன்பம் கணவனின் ஐயத்தால் விளைகிறது. மணத்துக்குப் பின் காதல் என்னும் வாய்பாட்டை வாடகை நூல் நிலையச் சரக்கு என்று நாம் ஒதுக்குகிறோம். அதன் பிறப்பிடம் நாம் போற்றும் இவ்விரு நூல்கள்தாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

கல்கிக்குக் கிடைத்த வழி சரித்திரம். சமகாலத்தில் அனுமதிக்கப்படாத பார்வைகளும் சந்திப்புகளும் ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியிலோ பத்தாம் நூற்றாண்டுப் பழையாறையிலோ நடந்தால் எவருக்கும் மனக்குறை இல்லை. வீட்டுப் பெரியவர்களும் அதே தொடரைத்தானே வாரந்தோறும் எதிர்பார்த்திருந்தார்கள். கல்கி அகத்துறைகளை எவ்வளவு அறிந்து கையாண்டார் என்பதற்கு இரண்டு இடங்கள் போதும்.

'சிவகாமியின் சபதம்' தொடக்கத்தில் காஞ்சி வீதியில் மதயானை ஒன்று ஆயனரும் சிவகாமியும் இருக்கும் பல்லக்கை நோக்கி ஓடி வருகிறது. ஊருக்குப் புதியவனான பரஞ்சோதி வேலெறிந்து அதைத் திருப்புகிறான். அசல் களிறுதரு புணர்ச்சி. ஆனால் காத்தவன் காதலனாகவில்லை. அவள் மனம் ஏற்கெனவே மாமல்லனிடம் போயிருக்கிறது. துறை அறிந்தவர் ஒன்றை எதிர்பார்க்க, கதை வேறு பக்கம் திரும்புகிறது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் இன்னும் குறும்பு. அரிசிலாற்றங்கரையில் இளவரசி குந்தவையும் தோழியரும் இருக்கும் இடத்தில் வாய் பிளந்த முதலை ஒன்றைக் கண்டு வந்தியத்தேவன் வேலை எறிகிறான். முதலையோ முன்பே செத்தது. உள்ளே பஞ்சு அடைத்து வைத்தது. பெண்கள் சிரிக்கிறார்கள். புனல்தரு புணர்ச்சியைக் கேலி செய்துகொண்டே அதன் பயன் முழுவதையும் ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். காக்கப்பட வேண்டிய நிலையில் இல்லாத பெண் முன்னால் வீரம் காட்டப்போய் நாணி நிற்கும் ஆண்மகனை விரும்புவது வாசகிக்கு எளிதாயிற்று. பின்னொரு கட்டத்தில் நடுக்கடலில் அவனையும் அருள்மொழிவர்மனையும் படகில் ஏற்றிக் காப்பவள் பூங்குழலி. அங்கே புனல்தரு புணர்ச்சி தலைகீழாகிறது.

குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. அதை அறிந்த வாசகருக்கு இருவரின் முடிவும் கல்லில் எழுதிய சேதி. இருந்தும் அவர்கள் ஒவ்வொரு முறை பிரியும்போதும் மனம் பதைத்தது. கோவை நூல் கேட்டவரின் சுவை வேறு, தொடர்கதை படித்தவரின் சுவை வேறு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

கல்கியிலேயே மற்றொரு வாய்பாடும் வேர் விட்டது. சிவகாமி மாமல்லனை அடையவில்லை. அவன் பாண்டியன் மகளை மணக்க, அவள் ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்படைக்கிறாள். அதன் பின் இருபது ஆண்டுகளேனும் தமிழ் வாசகர் மிக விரும்பிய காதலர்கள் இணையாத காதலர்களே. 'மணிவண்ணன்' என்னும் பெயரில் நா. பார்த்தசாரதி கல்கி இதழில் எழுதிய 'குறிஞ்சி மலர்' இதன் உச்சம். அரவிந்தன் இறந்துவிடுகிறான், பூரணி மணமாகாமலே அவனுக்குரியவளாக வாழ்கிறாள். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டார்கள். ஏன் இவ்வளவு பற்று? இலட்சியக் காலத்தின் தூய்மை வேட்கை என்று விமர்சகர்கள் விளக்குவதுண்டு. நான் சற்றுக் கடுமையாகவே சொல்வேன். இணையாத காதல் எந்த வீட்டையும் உடைப்பதில்லை. சாதி பற்றிக் கேள்வி எழாது. மாமனார் வாசலில் எவரும் போய் நிற்க வேண்டாம். அழுது முடித்து நூலை மூடி வைத்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதில் எனக்கு ஐயமில்லை. பெற்றோர் காட்டியவரை மணந்து, எவரிடமும் சொல்லாமல் மனத்தின் ஒரு மூலையில் ஒரு பெயரை வைத்திருந்தவர்களுக்குப் பூரணி துணையாக இருந்தாள். இந்தப் போக்குக்குப் புறத்தே நின்றது தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. பத்து வயது மூத்த யமுனாவை நாடும் பாபுவின் கதை எந்தத் துறையிலும் அடங்காது. அதனால் அதைப் பின்பற்றி ஒரு மரபும் தோன்றவில்லை.

இனி, நாங்கள் சிரித்த நூல்களுக்கு வருகிறேன். பின்னாளில் ரமணிசந்திரனின் நாவல்கள் சிலவற்றை உட்கார்ந்து படித்தேன். ஏதோ நெருக்கடியால் நடக்கும் மணம், செல்வமும் கண்டிப்பும் உள்ள கணவன், தவறாக எண்ணிய ஒரு நிகழ்ச்சி, ஒரே வீட்டில் இருவரின் நெடும் மௌனம், கடைசியில் தெளிவு. ஊடலை இருநூறு பக்கத்துக்கு நீட்டியது போல இருக்கும். நடையில் எனக்குக் குறை உண்டு. செல்வத்தின் மீதுள்ள மயக்கமும் உவப்பில்லை. ஆனால் அவற்றைப் படித்த பெண்கள் எதைத் தேடினார்கள் என்பது ஓரளவு விளங்கிற்று. அவள் வாய் திறந்து சொல்லாத ஒன்றை அவன் என்றைக்காவது தானாக அறிவானா என்பதுதான் அக்கதைகள் கேட்கும் ஒரே கேள்வி. அறிகிறான் என்று ஒவ்வொரு முறையும் விடை வருகிறது. மணம் பேசி முடிக்கப்பட்ட வீட்டில், பகல் வேலை முடிந்த இரண்டு மணி நேரத்தில், அந்த விடையை மீண்டும் மீண்டும் கேட்க ஒருத்தி விரும்பியிருந்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? மருத நிலத்தில் பரத்தையரிடம் போய்த் திரும்பிய தலைவனுக்கு வாயில் மறுக்கும் தலைவியை நாம் சிரித்ததில்லை.

இவ்வளவிலும் ஒரு துறை காணாமற் போனதைக் கவனித்திருப்பீர்கள். பெற்றோர் கொடுக்காவிடினும், இருவரும் உடன்போய பின் செய்யும் கரணமும் கரணமே என்று கற்பியல் ஏற்றுக்கொண்டது. கலித்தொகைப் பாலைப்பாட்டு ஒன்றில் மகளைத் தேடிச் சுரம் போகும் செவிலியிடம், எதிர்ப்பட்ட அந்தணர் அவள் செய்ததே அறம் என்று எடுத்துக்காட்டுகளுடன் தேற்றி அனுப்புகின்றனர். உடன்போக்கை இவ்வளவு மதித்த மொழியில், மக்கள் விரும்பிப் படித்த தொடர்கதைகள் அதை அஞ்சி ஒதுங்கின. திரைப்படம்தான் அதை எடுத்துக்கொண்டது. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்து இணையர் ஊரையும் மதத்தையும் விட்டு வெளியேற, அரங்கு கைதட்டிற்று. சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டம் ஏற்று அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் தந்த அனுமதியை ஊர் தரவில்லை. 2003இல் விருத்தாசலத்தை அடுத்த ஓர் ஊரில் சாதி கடந்து மணந்த இளைஞனும் பெண்ணும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் கடலூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது 2021இல். இடையே, 2004இல் வந்த 'காதல்' படத்தில் உடன்போன இணையர் மீண்டும் இழுத்து வரப்பட்டார்கள். அடிபட்ட அவன் சித்தம் கலங்கித் தெருவில் திரிந்தான்.

நாவலுக்கு உடன்போக்கு திரும்பியது பெருமாள்முருகனின் 'பூக்குழி'யில், 2013இல். சரோஜாவும் குமரேசனும் உடன்போகிறார்கள். ஆனால் போகும் இடம் அவனுடைய ஊர். தொல்காப்பியத்தில் இடைச்சுரத்தோடு முடிந்துவிடும் ஆபத்து இங்கே ஊருக்குள் நுழைந்த பிறகே தொடங்குகிறது. முட்புதருக்குள் ஒளிந்திருக்கும் பெண்ணைத் தேடி ஊரார் வருகிறார்கள். புதரைச் சூழத் தீ வைக்கிறார்கள். அதைப் படித்து முடித்த இரவு, யானை என்னும் அனுமதிச் சீட்டை எண்ணிக்கொண்டு நெடுநேரம் விழித்திருந்தேன்.

எங்கள் பெரியம்மா 'குறிஞ்சி மலர்' வெளிவந்த இதழ்களின் பக்கங்களை வாரந்தோறும் கிழித்தெடுத்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தார். பழுப்பேறிய அத்தொகுதி பிறகு என்னிடம் வந்தது. அரவிந்தன் இறக்கும் பகுதி அதில் இல்லை. கைமாறியதில் உதிர்ந்திருக்கும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அவர் மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன் ஒருநாள் கேட்டேன். பைண்டரிடம் கொடுக்கும்போதே அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டதாகச் சொன்னார். எங்கே வைத்தீர்கள் என்றதற்கு, அடுப்பில் என்றார்.