மால்ற்றாக் காய்ச்சல்

மத்தியதரைக் கடலிலே, சிசிலித் தீவுக்குத் தெற்கே அமைந்த சிறு தீவு மால்ற்றா. பிரித்தானியரின் கடற்படைத் தளமாக விளங்கிய அத்தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, போர்வீரரைக் காய்ச்சலொன்று வாட்டியது. ஏறுவதும் தணிவதும் மீண்டும் ஏறுவதுமாக அது மாதக்கணக்கில் நீடிக்கும். மூட்டுக்கள் நோகும், இரவில் வியர்வை பெருகும். இறந்தோர் சிலரே, பிழைத்தோரோ நெடுநாள் நலிந்து கிடந்தனர்.

1887ஆம் ஆண்டில் இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ், இந்நோயால் மாண்டோரின் மண்ணீரலிலே நுண்ணிய கிருமியொன்றைக் கண்டார். வளர்வதற்கு ஒட்சிசனை வேண்டிநிற்கும் அக்கிருமிச் சாதிக்கு, 1920இல் அவர் நினைவாகப் புரூசெல்லா என்னும் பெயர் இடப்பட்டது. பகைவன் யாரென்பது தெரிந்தது. அவன் புகும் வாயில் மட்டும் தெரியவில்லை. காற்றோ, நீரோ, நுளம்போ எனப் பலவாறு ஐயுற்றனர்.

1904ஆம் ஆண்டில், புரூஸ் தலைமையில் ஆய்வுக்குழுவொன்று அமைந்தது. அதில் இடம்பெற்றவர்களுள் தெமிஸ்ற்றொக்கிளிஸ் சம்மிற் என்பவர் மால்ற்றாவிலே பிறந்த மருத்துவர். அங்கே வெள்ளாடுகளை வீதிதோறும் ஓட்டிச்சென்று, வாயிலில் நிறுத்திப் பால் கறந்து விற்பது வழக்கம். கண்முன்னே கறந்த பாலில் கலப்படம் இல்லை என்பது மக்கள் நம்பிக்கை. 1905இல் சம்மிற் அவ்வாடுகளின் குருதியைச் சோதித்தார். நோயின் அறிகுறி சிறிதுமின்றித் திரிந்த ஆடுகளிலே அக்கிருமி குடிகொண்டிருந்தது! தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் பாலிலும் அது காணப்பட்டது.

1906இல் படையினரின் உணவிலிருந்து வெள்ளாட்டுப்பால் நீக்கப்பட்டது. சிறிது காலத்துக்குள் படைவீடுகளிலே காய்ச்சல் அருகி மறைந்தது.

ஆனால், தீவின் குடிமக்கள் நிலை வேறு. ஆடு பலருக்குப் பிழைப்பு; அதன் பாலே ஏழைக் குடும்பங்களின் ஊட்டம். காய்ச்சிக் குடிக்குமாறு கூறிய அறிவுரை எளிதில் வேரூன்றவில்லை. உண்மை தெரிந்த பின்பும் நோய் வீடுதோறும் தொடர்ந்தது. பாச்சர் முறைப்படி சூடாக்கிய பாலைத் தலைநகர் வலெற்றாவில் வழங்கும் ஏற்பாடு 1938இலேதான் நடைமுறைக்கு வந்தது. சம்மிற் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார்.

ஓர் ஆணையினாலே படைவீரர் உய்ந்தனர். குடிமக்களுக்கோ முப்பதாண்டுகளுக்கு மேல் சென்றது. ஆய்வுகூடத்திலே பிறந்த அறிவு அடுக்களையை அடையும்வரை அதன் பணி நிறைவுறுவதில்லை. காய்ச்சாத பாலை அருந்தும் நாடுகள் பலவற்றில் இந்நோய் இன்றும் நிலவுகின்றது. பாலைக் காய்ச்சிப் பருகும் எளிய பழக்கமே அதற்குத் தக்க காப்பு.