முதல் 4 மேட்ச்சை வைத்து ஒரு காலேஜ் ஃபுட்பால் டீமை எடை போட முடியுமா? 2014 ஓஹாயோ ஸ்டேட் சொல்லும் பாடம்!

2014 செப்டம்பர் 6. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரம். சொந்த மைதானத்தில் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி, வர்ஜீனியா டெக் அணியிடம் 35-21 என மண்ணைக் கவ்வியது. சீசனில் அது இரண்டாவது மேட்ச்தான். ஆனால், 8-வது இடத்தில் இருந்த அணி, ஏ.பி. தரவரிசையில் ஒரே வாரத்தில் 22-வது இடத்துக்குச் சரிந்தது. 'இந்த வருஷம் அவ்ளோதான்' என்ற பேச்சு கிளம்பியது.

ஆனால், 2015 ஜனவரி 12 அன்று தேசிய சாம்பியன் ஆனதும் இதே அணிதான்! அப்படியென்றால் செப்டம்பரில் தெரிந்த பலவீனம் பொய்யா? இல்லை, நிஜம்தான். பலவீனம் இருக்கிறதா என்பதைவிட, அது ஏன் வந்தது, சரியாகக் கூடியதா என்று பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இது எந்த ஃபுட்பால்?

உலகக் கோப்பையில் பார்க்கும் கால்பந்து இல்லை. இரு முனையும் கூரான பந்தைக் கையில் பிடித்து ஓடியும், எறிந்தும் முன்னேறும் அமெரிக்க ஃபுட்பால். ஒரு அணிக்கு 11 பேர். 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்புகள் கிடைக்கும். ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவருக்குச் சுவர் மாதிரி காவல் நிற்கும் 5 பேர்தான் 'அஃபென்சிவ் லைன்'. பந்தோடு இருக்கும் குவார்ட்டர்பேக்கை எதிரணி மடக்கிச் சாய்த்தால், அதற்குப் பெயர் 'சாக்'.

கல்லூரி அணி என்பதால் வருஷா வருஷம் சீனியர்கள் வெளியேற, புதியவர்கள் வருவார்கள். போன வருஷத்து டீமும் இந்த வருஷத்து டீமும் ஒன்றல்ல. வழக்கமான சீசனில் ஒரு அணிக்கு 12 மேட்ச்தான். 2014-ல்தான் 4 அணிகள் மோதும் பிளே-ஆஃப் முறை அறிமுகமானது. அந்த 4 அணிகளையும் ஒரு குழு கூடித் தேர்வு செய்யும். அதனால் ஒரே ஒரு தோல்விகூட கோப்பைக் கனவைக் காலி செய்துவிடலாம்.

சீசனுக்கு முன்பே விழுந்த அடி

2014 ஆகஸ்ட்டில், ஓஹாயோ ஸ்டேட்டின் நட்சத்திர குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் தோள்பட்டை காயத்தால் சீசன் முழுக்க விலகினார். அந்த இடத்துக்கு வந்த ஜே.டி. பாரெட், அதுவரை ஒரு கல்லூரி மேட்ச்கூட ஆடாதவர். அவருக்குக் காவல் நிற்கும் 5 பேரிலும் 4 பேர் புதியவர்கள். முந்தைய ஆண்டு பந்தோடு ஓடிக் கலக்கிய கார்லோஸ் ஹைட், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-க்குப் போய்விட்டார். பயிற்சியாளர் அர்பன் மேயருக்கு இதுதான் கையிருப்பு.

முதல் 4 மேட்ச்சில் என்ன நடந்தது?

* நேவி (34-17, வெற்றி): எதிரணி ஓடியே 370 கெஜம் எடுத்தது. பார்க்க பயமாக இருக்கும். ஆனால், நேவி பந்தை எறிவதே அபூர்வம். யாரோடு மோதினாலும் ஓட்டம்தான் அதன் ஆயுதம். இதை வைத்து மட்டும் தற்காப்பு ஓட்டை என்று முடிவு கட்ட முடியாது.
* வர்ஜீனியா டெக் (21-35, தோல்வி): எதிரணி தன் தடுப்பாட்டக்காரர்களை முன்னால் குவித்து, 'முடிந்தால் எறிந்து பார்' என்று சவால் விட்டது. பாரெட் 7 முறை சாக் ஆனார். அவர் எறிந்த 3 பந்துகளை எதிரணி பறித்தது.
* கென்ட் ஸ்டேட் (66-0, வெற்றி): பலம் குறைந்த எதிரணி. ஸ்கோர் பிரமாண்டம், தகவல் குறைவு.
* சின்சினாட்டி (50-28, வெற்றி): மொத்தம் 710 கெஜம் எடுத்து மிரட்டினார்கள். ஆனால், எறிபந்து மூலம் 4 டச்டவுனை விட்டுக்கொடுத்தார்கள்.

பலம் எது, பலவீனம் எது?

செப்டம்பர் முடிவில் கணக்கு இப்படித்தான் இருந்தது. ஜோயி போசா இருந்த தற்காப்பு முன்வரிசை, வேகமான ஓட்டக்காரர்கள் ஆகியவை பலம். அனுபவமில்லாத காவல் வரிசை, புது குவார்ட்டர்பேக், நீண்ட எறிபந்துகளைத் தடுக்கத் திணறும் பின்வரிசை ஆகியவை பலவீனம்.

இதில் காவல் வரிசையின் சிக்கல் திறமைக் குறைவால் வந்ததல்ல; 5 பேரும் சேர்ந்து ஆடிப் பழகாததால் வந்தது. ஆட ஆட அது சரியாகும். பின்வரிசையும் அந்த ஆண்டுதான் புதிய தற்காப்பு முறைக்கு மாறியிருந்தது. அதற்கும் நாள் பிடிக்கும்.

பலன் டிசம்பரில் தெரிந்தது. மிச்சிகன் மேட்ச்சில் பாரெட்டுக்குக் கணுக்கால் உடைய, மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸ் களமிறங்கினார். பிக் டென் இறுதிப்போட்டியில் விஸ்கான்சினை 59-0 என நசுக்கினார்கள். பிறகு அலபாமாவை 42-35, ஒரிகனை 42-20 என வீழ்த்திக் கோப்பையை வென்றார்கள். அந்த 3 மேட்ச்சிலும் எசக்கியேல் எலியட் ஓடி எடுத்தவை 220, 230, 246 கெஜம். அவருக்கு வழி திறந்துவிட்டது, செப்டம்பரில் 7 சாக் விட்டுக்கொடுத்த அதே காவல் வரிசைதான்!

எல்லா அணியும் இப்படி மீளுமா?

மீளாது. 2023-ல் வழக்கமான சீசனில் தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட், 2024-ஐ 10-வது இடத்தில் தொடங்கியது. அயர்லாந்தின் டப்ளினில் நடந்த முதல் மேட்ச்சில் ஜார்ஜியா டெக்கிடம் 24-21 எனத் தோற்றது. 'ஒரு சறுக்கல்தானே' என்று தோன்றியது. அடுத்து பாஸ்டன் காலேஜிடம் 28-13, மெம்ஃபிஸிடம் 20-12. எடுத்த புள்ளிகளைப் பாருங்கள்: 21, 13, 12. படிப்படியாக இறக்கம். சீசன் முடிவில் 2 வெற்றி, 10 தோல்வி.

ஓஹாயோ ஸ்டேட்டும் தொடக்கத்தில் தோற்றது. ஆனால், அடுத்த மேட்ச்களில் ஏறுமுகம் காட்டியது. வித்தியாசம் அங்கேதான்.

எடை போடும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. எதிரணி யார்? பலவீனமான அணிக்கு எதிரான 66-0 எதையும் நிரூபிக்காது.
2. எதிரணியின் பாணி என்ன? நேவி மாதிரி தனி பாணி அணியை வைத்துப் பொதுமுடிவுக்கு வரக்கூடாது.
3. பலவீனத்துக்குக் காரணம் என்ன? அனுபவக் குறைவு என்றால் நாள்பட மாறலாம். ஆள் பற்றாக்குறை என்றால் அந்த சீசனில் மாறுவது கடினம்.
4. அதே தவறு அடுத்த மேட்ச்சிலும் வந்ததா, குறைந்ததா?

2024 முதல் பிளே-ஆஃபில் 12 அணிகளுக்கு இடம் என்பதால், ஒரு தொடக்கத் தோல்வியைத் தாங்கிக்கொள்ள இப்போது கொஞ்சம் இடமிருக்கிறது. தவறைத் திருத்தாத அணிக்கு அதுவும் போதாது.