ஊவாவின் நிழல் மரங்கள்

இலங்கையின் கோப்பிக் காலத்தை முடித்துவைத்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது நமது ஊவாவில்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1869ஆம் ஆண்டு, பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற அறிஞர் அப்பூஞ்சைக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். பாழாக்குவது என்பது அப்பெயரின் பின்பாதிக்குப் பொருள். இருபது ஆண்டுகளில் பெயர் மெய்யாயிற்று.

இந்நோயை ஆராய 1880இல் வந்தவர் ஹரி மார்ஷல் வார்ட். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. நோயின் வித்துகள் காற்றினால் பரவுவதையும், மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை அதற்கு வழி திறந்துவிட்டதையும் அவர் விளக்கினார். துரைமார் எதிர்பார்த்தது மருந்து. அவர் கூறியதோ பயிரிடும் முறை பற்றிய உண்மை. 1882இல் அவர் நாடு திரும்பினார். கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை வந்தது. ஒரே பயிர் என்ற பழக்கம் மட்டும் மாறவில்லை.

எனினும் தேயிலையோடு மரமும் வந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவில்லியா (தமிழகத்தார் இதனைச் சில்வர் ஓக் என்பர்), முள்முருக்கு, அல்பீசியா ஆகியன கொழுந்துச் செடிகளுக்கிடையே நடப்பட்டன. முள்முருக்கு அவரையினத்தது, அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். வெட்டிய கிளைகளும் இலைகளும் உரமாகும். கிரவில்லியா காற்றைத் தடுக்கும், விறகும் தரும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்று தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கிறது, செடியையும் வாட்டுகிறது. ஆகவே இங்கு மரத்தின் தேவை அதிகம்.

1925இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், எவ்வளவு நிழல், எந்த மரம், எப்போது கிளை வெட்டுவது என்பவற்றை ஆராய்ந்தது. ஊவாவுக்கெனப் பசறையில் அதன் கிளை இயங்குகிறது. ஆனால் 1946இல் கொப்புள நோய் வந்தபோது நிலைமை சிக்கலாயிற்று. ஈரம் நீடிக்கும் நிழலில் அந்நோய் பெருகும். மரம் எங்கும் நன்மையே செய்யும் என்பதோ, தீமையே செய்யும் என்பதோ அறிவியலன்று. இடமும் பருவமும் அறிந்து அளவிடுவதே அறிவியல்.

மண்ணின் கணக்கு இன்னும் கடுமையானது. மலைநாட்டுத் தேயிலை நிலங்கள் நூறு ஆண்டுகளில் சுமார் 30 சென்றிமீற்றர் மேல்மண்ணை இழந்தன என 1985இல் ஆய்வாளர் பி. கிருஷ்ணராஜா மதிப்பிட்டார். இதற்குத் தீர்வாகப் பேசப்பட்ட முறைகளுள் ஒன்று, பிலிப்பைன்சின் மிண்டனாவோவில் ஹரால்ட் வாட்சன் 1970களில் உருவாக்கியது. சரிவுக்குக் குறுக்கே சமவுயரக் கோட்டில் அவரையின மரங்களை நெருக்கமாக வேலியாக நட்டு, இடையே பயிர் செய்வது அது. ஓடும் மண் வேலியில் தங்கிப் படியாகும். வெட்டிய தழை உரமாகும். 2010இல் மறைந்த நம் நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்தன கிளிரிசீடியாவைக் கொண்டு இக்கருத்தையே வாழ்நாளெல்லாம் வலியுறுத்தினார். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது அவரை நினைத்தவர் பலர். ஆனால் மரவேலி ஓரிரவில் வளர்வதன்று.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் மலைகள் மொட்டையாகின்றன? மரம் நடுவது பல ஆண்டுகளுக்கான முதலீடு. நிலம் தனது என்றிருப்பவனே அதைச் செய்வான். நிழல் மரங்களை நட்டதும், கிளை வெட்டியதும், தழை பரப்பியதும் நம் தொழிலாளர்களின் கைகளே. ஆனால் நிலம் கம்பனித் துரைமாரிடமும், பின்னர் அரசிடமும், 1992 முதல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்திலும் இருந்துவருகிறது. சிங்களக் கிராமத்தவரின் வீட்டுத் தோட்டத்தில் பலாவும் கமுகும் மிளகும் ஒன்றாய் நிற்கின்றன. லயன் வாசலிலோ ஒரு துண்டு காய்கறிப் பாத்திக்கே இடமுண்டு.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்தன. மரமிருந்தால் அது நிகழ்ந்திராது எனக் கூறுவது பொறுப்பற்ற பேச்சு. ஆழ்ந்த சரிவை வேர் தடுக்காது. ஆனால் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டும் மக்கள் அங்கேயே இருந்தனர். போக அவர்களுக்கு வேறு நிலம் இருக்கவில்லை.

மலையகத்திற்குக் காணியுரிமை கேட்போர் வீட்டுக்கான பேர்ச்சசுகளோடு நின்றுவிடக் கூடாது. மரம் வளர்க்கப் போதுமான நிலத்தையும் கேட்க வேண்டும்.