சிறிய செவ்வியல் கத்தோலிக்கப் பள்ளி

பண்டைய கிரேக்க, உரோமைக் கல்வி மரபையும் கத்தோலிக்க மறைக்கல்வியையும் ஒரே பாடத்திட்டமாக இணைத்து, குறைந்த எண்ணிக்கையிலான மாணவர்களுக்குக் கற்பிக்கும் பள்ளி, சிறிய செவ்வியல் கத்தோலிக்கப் பள்ளி எனப்படுகிறது. அமெரிக்காவில் 1970-களின் இறுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிய இவ்வகைப் பள்ளிகள், 2010-க்குப் பிறகு பல மறைமாவட்டங்களில் பரவின. வகுப்புக்குப் பத்து முதல் இருபது பேர், பள்ளி முழுவதற்கும் சேர்த்து இருநூறு பேருக்குள் என்ற அளவே இவற்றில் பரவலாகக் காணப்படுகிறது. இலத்தீன் மொழி, மனப்பாடம், கால வரிசையில் வரலாறு, மூல நூல் வாசிப்பு, வட்டமாக அமர்ந்து உரையாடுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இக்கல்வியால் விளைவதாகச் சொல்லப்படும் நன்மைகளில் பெரும்பகுதி பாடத்திட்டத்தால் மட்டும் வருவதில்லை. அந்தப் பாடத்திட்டம் நடக்க வேண்டுமானால் பள்ளி சிறியதாக இருக்க வேண்டும் என்பதே இதன் உள்ளியல்பு.

பெயர்க் காரணம்

இங்கே ‘செவ்வியல்’ என்பது இடைக்கால ஐரோப்பா வகுத்துக்கொண்ட ஏழு கலைகளைச் சுட்டுகிறது. இலக்கணம், தருக்கம், சொல்வன்மை ஆகிய மூன்றும் ‘ட்ரிவியம்’, அதாவது முப்பாதை. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கும் ‘குவாட்ரிவியம்’, அதாவது நாற்பாதை. முன்னது சொல்லைக் கையாளும் பயிற்சி. பின்னது எண்ணையும் அளவையும் கையாளும் பயிற்சி. இந்த ஏழிலும் தேறியவனே மெய்யியலுக்கும் இறையியலுக்கும் தகுதி பெற்றவன் என்று கருதப்பட்டது.

வரலாறு

ஏழு கலைகளையும் ஒருசேரத் தொகுத்தவர் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த மார்சியானுஸ் கப்பெல்லா. ஆறாம் நூற்றாண்டில் போயத்தியுசும் கசியதோருசும் அவற்றைக் கிறித்தவக் கல்விக்குள் கொண்டுவந்தனர். கி.பி. 789-இல் பேரரசர் சார்லமேன், துறவு மடங்களிலும் மறைமாவட்டத் தலைமைக் கோவில்களிலும் பள்ளிகள் நடத்தப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். அவருடைய கல்விப் பணிக்குத் துணைநின்றவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்து அறிஞர் அல்குயின்.

இயேசு சபையினர் 1548-இல் சிசிலித் தீவின் மெசினாவில் பொது மாணவர்களுக்கான கல்லூரி ஒன்றைத் திறந்தனர். அரை நூற்றாண்டு அனுபவத்தைத் திரட்டி 1599-இல் ‘ராசியோ ஸ்டுடியோரும்’ என்ற கல்வி விதித்தொகுப்பை வெளியிட்டனர். கீழ்நிலை இலக்கணம், இடைநிலை இலக்கணம், மேல்நிலை இலக்கணம், இலக்கியம், சொல்வன்மை என்று வகுப்புகளை அது படிப்படியாக அடுக்கியது. இந்த மரபில் பயின்று தமிழகம் வந்தவர்களுள் ஒருவர் வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி. இலத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதியதும், எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் தொன்னூல் விளக்கத்தில் தொகுத்ததும் இலக்கணத்தையே கல்வியின் வாயிலாகக் கொண்ட ஒரு மனத்தின் பணிகள்.

அமெரிக்காவில் எலிசபெத் ஆன் சீட்டன் 1810-இல் மேரிலாந்து மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க்கில் சிறுமியருக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர் பேரவை, ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு கோவிலைச் சார்ந்த இறைமக்கள் வட்டமும், தனக்கென ஒரு பள்ளியை நடத்த வேண்டும் என்று விதித்தது. எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்ற ஒரிகன் மாநிலச் சட்டம் செல்லாது என்று 1925-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1960-களின் நடுவில் கத்தோலிக்கப் பள்ளி மாணவர் எண்ணிக்கை 52 லட்சத்தைத் தொட்டது. அதன்பின் பள்ளிகளில் கற்பித்த அருட்சகோதரிகளின் எண்ணிக்கை சரிந்தது, சம்பளச் செலவு கூடியது, குடும்பங்கள் நகரங்களை விட்டுப் புறநகருக்குக் குடிபெயர்ந்தன. இன்று மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 17 லட்சம். ஆசிரியர்களில் நூற்றுக்கு 97 பேர் குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர்.

மறுமலர்ச்சி

செவ்வியல் கல்வியை மீண்டும் பேச்சுப் பொருளாக்கியவர் துப்பறியும் நாவலாசிரியரான டோரதி சேயர்ஸ். அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். 1947-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில், மாணவர்களுக்குப் பாடங்களைச் சொல்லிக்கொடுக்கிறோமே தவிர சிந்திக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டார். முப்பாதையைக் குழந்தை வளர்ச்சியின் மூன்று பருவங்களோடு இணைத்ததும் அவரே. சிறு வயதில் கிளிப்பிள்ளை போல் மனப்பாடம், பதின்ம வயதின் தொடக்கத்தில் எதையும் மறுத்துப் பேசும் துடுக்கு, அதன்பின் தன் எண்ணத்தை அழகுறச் சொல்லும் விருப்பம் என்பது அவருடைய பகுப்பு.

1970-களில் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் சீனியர் என்ற பேராசிரியரும் அவருடைய சக ஆசிரியர்களும் நடத்திய மானுடக் கலைகள் திட்டம் கத்தோலிக்க வட்டாரத்தில் ஆழ்ந்த பாதிப்பை ஏற்படுத்தியது. 1979-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லங்காஸ்டரில் ட்ரிவியம் பள்ளி தொடங்கப்பட்டது. 1981-இல் ஐடகோவின் மாஸ்கோ நகரில் தோன்றிய லோகோஸ் பள்ளி, புரோட்டஸ்டன்ட் தரப்பில் இணையானதோர் இயக்கத்துக்கு வித்திட்டது. 2008-இல் மினசோட்டாவில் செஸ்டர்டன் அகாடமி பிறந்தது. அதன் மாதிரியில் பின்னர் பல உயர்நிலைப் பள்ளிகள் உருவாயின.

ஏற்கெனவே இயங்கிவரும் பங்குப் பள்ளியும் இவ்வழிக்கு மாற முடியும் என்று காட்டியது மேரிலாந்தின் ஹயாட்ஸ்வில்லில் உள்ள புனித ஜெரோம் பள்ளி. மாணவர் குறைந்து, கடன் ஏறி, மூடும் நிலையை நெருங்கிய அப்பள்ளி 2010-இல் செவ்வியல் பாடத்திட்டத்தை ஏற்றது. பங்கைச் சேர்ந்த பெற்றோரும் கல்வியாளர்களும் கூடி எழுதிய அதன் கல்வித் திட்ட ஆவணம் பிற பள்ளிகளுக்கும் வழிகாட்டியாயிற்று.

பாடமுறை

தொடக்க வகுப்புகளில் மனப்பாடத்துக்கு முதலிடம். செபங்கள், கவிதைகள், அரசர்களின் வரிசை, வாய்ப்பாடு ஆகியவற்றோடு ‘அமோ, அமாஸ், அமாட்’ என்ற இலத்தீன் வினை வாய்பாட்டையும் பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். உச்சரிப்பு பெரும்பாலும் திருச்சபை முறையில் இருக்கும். வானத்தைக் குறிக்கும் சொல்லைப் பழைய உரோமர் ‘கைலும்’ என்றிருப்பார்கள், இப்பிள்ளைகள் ‘செலும்’ என்பார்கள். ‘மானுஸ்’ என்றால் கை என்று தெரிந்துகொண்ட குழந்தைக்கு ஆங்கிலத்தின் மேனுவல், மேனுஸ்கிரிப்ட், மேனுஃபேக்சர் ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது தானாக விளங்கும்.

வரலாறு எகிப்து, கிரேக்கம், உரோமையில் தொடங்கி இடைக்காலம் வழியாக நவீன காலம் வரை வரிசையாகச் செல்லும். இலக்கியம், ஓவியம், புனிதர் வரலாறு ஆகியவை அந்தந்தக் காலத்தோடு சேர்த்தே கற்பிக்கப்படும். இயற்கைப் பாடத்தில் குழந்தை இலையையோ பூச்சியையோ கண்ணால் பார்த்து நோட்டில் வரையும். வாசித்த கதையை நூலைப் பாராமல் தன் சொல்லில் திருப்பிச் சொல்வது அன்றாடப் பயிற்சி.

உயர்நிலை வகுப்புகள் சிலவற்றில் யூக்ளிடின் வடிவியல் நேரடியாகப் படிக்கப்படுகிறது. அதன் முதல் கூற்றை ஒரு மாணவி கரும்பலகையில் நிறுவுவதாகக் கொள்வோம். ஒரு நேர்கோடு வரைகிறாள். அதன் ஒரு முனையை மையமாகவும் கோட்டின் நீளத்தை ஆரமாகவும் வைத்து ஒரு வட்டம். மறுமுனையிலிருந்து அதே அளவில் இன்னொன்று. வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளியை இரு முனைகளோடும் சேர்க்கிறாள். சமபக்க முக்கோணம் கிடைத்துவிடுகிறது. அப்போது பின்வரிசையில் ஒரு பையன், ‘இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் என்று யார் சொன்னது?’ என்று கேட்டால், அவன் கேட்டது சரியான கேள்வி. யூக்ளிட் அதை எங்கும் நிறுவவில்லை. பிற்காலக் கணித அறிஞர்கள் அடைத்த இடைவெளி அது. பன்னிரண்டு பேர் வகுப்பில் ஆசிரியர் பாடத்தை நிறுத்தி அந்தக் கேள்வியோடு அரை மணி நேரம் செலவிடலாம். நாற்பது பேர் வகுப்பில் அந்தப் பையன் கையைத் தூக்கியதே கண்ணில் படாமல் போகக்கூடும்.

நன்மைகள்

முதல் நன்மை, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்திருப்பது. மனப்பாடம், திருப்பிச் சொல்லல், வாய்மொழித் தேர்வு ஆகிய முறைகள் ஒவ்வொருவர் வாயையும் திறக்கவைப்பவை. ஒளிந்துகொள்ள இடமில்லை, பின்தங்கும் பிள்ளை தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் அன்றே தெரிந்துவிடும். சிறிய எண்ணிக்கையில் ஒரு வாரத்துக்கு இரண்டு கட்டுரைகளைக் கூட வரிக்கு வரி திருத்தித் தர முடிகிறது.

இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே பாடம். விருப்பப் பாடங்கள் குறைவு என்பதால், கெட்டிக்காரனுக்கு ஒரு பாடமும் மந்தமானவனுக்கு ஒரு பாடமும் என்ற பிரிவினை எழுவதில்லை. பள்ளி முழுவதும் ஒரே நூல்களைப் படிப்பதால் மதிய உணவு வேளையிலும் பேசுவதற்குப் பொதுவான பொருள் இருக்கிறது.

மூன்றாவது, நம்பிக்கை ஒரு பாடவேளைக்குள் அடைபடாமல் இருப்பது. காலைத் திருப்பலி, நண்பகல் மூவேளைச் செபம், திருவழிபாட்டு ஆண்டை ஒட்டிய விழாக்கள், கிரகோரியன் இசை ஆகியவை நாளின் ஒழுங்கிலேயே கலந்திருக்கின்றன. இலத்தீன் வகுப்பில் கற்ற சொல்லைக் கோவில் பாடலில் கேட்கும் பிள்ளைக்கு இரண்டும் வெவ்வேறு உலகங்களாகத் தோன்றுவதில்லை.

நான்காவது, வயது கலந்த பழக்கம். சிறிய பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் முதல் வகுப்புப் பிள்ளையின் பெயரை அறிந்திருப்பான். திருப்பலிக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வான். பெற்றோர்களும் ஒருவரையொருவர் அறிவார்கள். 1987-இல் வெளியான ஆய்வில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மனும் தாமஸ் ஹோஃபரும், கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பை இடையில் நிறுத்துவோர் குறைவாக இருப்பதற்கு இத்தகைய உறவு வலையையே முதன்மைக் காரணமாகக் காட்டினர்.

ஆய்வுச் சான்றுகள்

டென்னசி மாநிலம் 1985-இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடத்திய ‘ஸ்டார்’ ஆய்வில் 11,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் குலுக்கல் முறையில் வகுப்புகளில் சேர்க்கப்பட்டனர். 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளின் குழந்தைகள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளின் குழந்தைகளைவிட வாசிப்பிலும் கணிதத்திலும் முந்தினர். கறுப்பினக் குழந்தைகளுக்குப் பயன் கூடுதலாகக் கிட்டியது.

அந்தனி பிரைக், வலேரி லீ, பீட்டர் ஹாலண்ட் மூவரும் 1993-இல் வெளியிட்ட நூல் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்தது. அனைவருக்கும் பொதுவான பாடத்திட்டமும் குடும்பம் போன்ற பள்ளிச் சூழலும் ஏழை, பணக்கார மாணவர்களிடையே தேர்ச்சி இடைவெளியைக் குறைப்பதாக அது கண்டது. எனினும் இவ்விரண்டு ஆய்வுகளும் செவ்வியல் பள்ளிகளை ஆராய்ந்தவை அல்ல; அவற்றில் காணப்படும் சில கூறுகளையே ஆராய்ந்தவை. தேசிய மதிப்பீட்டுத் தேர்வுகளில் கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் அரசுப் பள்ளிச் சராசரியைவிட உயர்ந்த மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால் கட்டணம் கட்டித் தனியே தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் வேறு பள்ளியிலும் அப்படியே பெற்றிருக்கலாம் என்ற ஐயம் எப்போதும் உண்டு.

குறைகளும் விமரிசனங்களும்

இலத்தீன் படித்தால் மூளை கூர்மையாகும் என்ற பழைய வாதத்தை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1924-இல் வெளியிட்ட ஆய்வு பலவீனப்படுத்தியது. ஒரு பாடத்தின் பயிற்சி மற்றொன்றுக்குத் தானாகத் தாவிச் செல்வது மிகக் குறைவு என்று அவர் காட்டினார். இலத்தீனின் பயன் சொல்வளத்திலும் இலக்கணத் தெளிவிலும் இருக்கிறது; அதற்குமேல் உரிமை கோருவது மிகை. சேயர்ஸின் மூன்று பருவக் கொள்கையும் இடைக்காலப் பள்ளிகள் அறிந்ததன்று. முப்பாதை அங்கே மூன்று கலைகளாகவே இருந்தது.

ஐரோப்பிய நூல்களுக்கே முதலிடம் என்பதும், உலகின் பிற நாகரிகங்கள் ஓரிரு வாரங்களில் கடந்துபோகின்றன என்பதும் பரவலான குறை. அறிவியல் ஆய்வுக்கூடம், விளையாட்டுத் திடல், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் ஆகிய வசதிகளுக்குச் சிறிய பள்ளியின் வருவாய் போதாது. ஆசிரியர் சம்பளம் அரசுப் பள்ளியைவிடக் குறைவு. வகுப்பில் எட்டுப் பேர் மட்டும் என்றால், அவர்களோடு ஒத்துப்போகாத பிள்ளைக்கு நட்புக்கு வேறு வழியில்லை. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்திருக்கும் அதே பள்ளியில், ஓர் ஆசிரியர் சரியில்லை என்றால் மாற்று வகுப்புக்குப் போகவும் முடியாது.

நிர்வாகமும் நிதியும்

இவ்வகைப் பள்ளிகளுள் சில பங்குப் பள்ளிகள். சில பெற்றோர் கூடி நடத்தும் தன்னாட்சிப் பள்ளிகள். உள்ளடக்கத்தில் எவ்வளவுதான் கத்தோலிக்கமாக இருந்தாலும், திருச்சபை அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பள்ளியும் ‘கத்தோலிக்கப் பள்ளி’ என்ற பெயரைச் சூடக்கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 803-ஆம் விதி கூறுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளி, மற்ற நாள்கள் வீட்டுக் கல்வி என்ற கலப்பு முறையும் உண்டு. கட்டணமும் நன்கொடையும் முக்கிய வருவாய். அரிசோனா 2022-இல் எல்லாக் குடும்பங்களுக்கும் விரிவாக்கியது போன்ற கல்விச் சேமிப்புக் கணக்குத் திட்டங்கள் சில மாநிலங்களில் அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிக்கும் கொண்டுசெல்ல வழிசெய்கின்றன.

இப்பள்ளிகளின் வலிமையும் நலிவும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆசிரியர் ஒரு பையனின் கேள்விக்காகப் பாடத்தை நிறுத்த முடிவது பள்ளி சிறியதாக இருப்பதால். பத்துக் குடும்பங்கள் ஊர் மாறினால் அடுத்த ஆண்டு வரவு செலவு இடிப்பதும் அதனால்தான். மாணவர் சேர்க்கையைப் பெருக்கிக் கடனை அடைத்த பள்ளிக்கு அடுத்து எழும் கேள்வி, எந்த எண்ணிக்கையில் சேர்க்கையை நிறுத்திக்கொள்வது என்பது.